துணைவியாருக்கு ஒரு பெயர் இருக்கிறது

வைக்கம் நூற்றாண்டு மலர்த் தொகுப்புக் குழுவினருக்கு,

மலர் தபாலில் வந்து பதினொரு நாள் ஆகிறது. பிரித்ததும் நான் எழுதிய கட்டுரையைத்தான் தேடினேன். நீங்களே கேட்டு, நாள் குறித்து, இரண்டு முறை நினைவூட்டி வாங்கிய கட்டுரை. ஒன்பது பக்கம் கொடுத்திருந்தேன். மலரில் அது ஆறு வரியாக இருக்கிறது. கட்டம் கட்டி, பூப்போட்ட ஓரம் வைத்து, 'மகளிர் பங்கு' என்று தலைப்பும் போட்டிருக்கிறீர்கள். அந்த ஆறு வரியில் என்னுடைய வரி ஒன்றுகூட இல்லை. 'பெரியாரின் எல்லாப் போராட்டங்களுக்கும் உறுதுணையாக இருந்தவர் அவர்தம் துணைவியார்' என்று தொடங்கி, அதையே வேறு வார்த்தைகளில் சொல்லி முடிகிறது. எதிர்ப்பக்கத்தில் ஒரு பழைய புகைப்படம். அதன் கீழே, 'பெரியார், தம் துணைவியாருடன்.'

கட்டத்திலும் பெயர் இல்லை, படத்திலும் பெயர் இல்லை. மலர் முழுக்கத் தேடினேன். கடைசியில் பின்னட்டையின் உள்பக்கத்தில், பெரியாரின் வாழ்க்கைக் குறிப்புப் பட்டியலில், இரண்டு இடத்தில் கிடைத்தது. '1898: நாகம்மையாரை மணந்தார்.' '1933: நாகம்மையார் மறைவு.' மணமேடைக்கு ஒரு முறை, சாவுக்கு ஒரு முறை. நடுவில் முப்பத்தைந்து வருடம் அந்த அம்மாள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று உங்கள் மலரைப் படிக்கிற ஒரு பிள்ளைக்குத் தெரிய வழியே இல்லை.

இதைக் கேட்க உங்கள் குழுவில் ஒருவருக்குப் போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை இல்லை. மூன்று காரணம் சொன்னார். முதலாவது, பக்கம் போதவில்லை. இரண்டாவது, "இது போராட்டத்துக்கான மலர்ங்க டீச்சர், குடும்பத்துக்கானது இல்லை." மூன்றாவது, அந்த அம்மாளைப் பற்றி ஆதாரம் குறைவு.

பக்கத்தைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. வாழ்த்துச் செய்திகளுக்கு மட்டும் இருபத்திரண்டு பக்கம் போயிருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மற்ற இரண்டு காரணத்துக்காகத்தான் இந்த மடல்.

குடும்பம் என்கிறீர்கள். சரி, அந்தக் குடும்பத்துக்குள்ளேயே போய்ப் பார்ப்போம். சேலத்துத் தாதம்பட்டியில் பிறந்த பெண் அவர். பதின்மூன்று வயதில், ஈரோட்டின் பெரிய வணிகக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தார். பிறந்த ஒரே பெண் குழந்தை ஐந்து மாதத்தில் இறந்துபோனது. அதோடு வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால் நீங்கள் சொல்வது சரிதான், மலரில் சொல்ல எதுவும் இருந்திருக்காது. ஆனால் 1921-இல் கள்ளுக்கடை மறியல் வந்தது. மறியல் செய்த கணவர் சிறைக்குப் போனார். அவர் போனதும் மறியல் நின்றுவிடவில்லை. நாகம்மையாரும், பெரியாரின் தங்கை கண்ணம்மாளும் தெருவில் இறங்கி அதை நடத்தினார்கள். வசதியான வீட்டுப் பெண்கள் கடைத்தெருவுக்கு நடந்து வருவதே பேச்சாக இருந்த காலம். அப்படிப்பட்டவர்கள் கள்ளுக்கடை வாசலில் போய் நின்றார்கள்.

அப்போதுதான் காந்தியிடம் சிலர் போய் மறியலை நிறுத்தச் சொல்லிக் கேட்டதும், அது தன் கையில் இல்லை, ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்று அவர் பதில் சொன்னதாகப் பேசப்படுவதும். இந்தச் சம்பவத்தை நீங்களும் போட்டிருக்கிறீர்கள், 11-ஆம் பக்கத்தில், பெரியாரின் பெருமையாக! காந்தி 'இரண்டு பெண்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரை விட்டுவிடுவோம், ஈரோட்டிலிருந்து அவர் வெகுதூரத்தில் இருந்தார். நீங்கள் ஈரோட்டுக்குப் பக்கத்திலேயே அச்சடித்த மலரில்கூட அந்த இரண்டு பெண்களுக்கும் பெயர் வைக்கவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் வைக்கம். உங்கள் மலரின் பொருளே அதுதான் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன். திருவாங்கூர் சமஸ்தானத்து வைக்கத்தில், மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924 மார்ச் 30-இல் சத்தியாகிரகம் தொடங்கியது. தலைவர்கள் வரிசையாகக் கைதானார்கள். அங்கிருந்து கடிதம் வந்ததும் பெரியார் கிளம்பி ஏப்ரல் 13-இல் போய்ச் சேர்ந்தார். இதெல்லாம் உங்கள் மலரில் நன்றாகவே இருக்கிறது, நாள் வாரியாக. பெரியார் எத்தனை நாள் சிறையில் இருந்தார், எந்தச் சிறை, எத்தனை மாதத் தண்டனை என்பதெல்லாம் பிசகாமல் இருக்கிறது. ஆனால் நாகம்மையாரும் வைக்கத்துக்குப் போனார். போய், கணவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு தங்கியிருக்கவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு, போலீஸ் வழிமறித்த இடத்தில் நின்று சத்தியாகிரகம் செய்தார். சுற்று வட்டாரத்துக்குப் போய்ப் பெண்களிடம் ஆதரவு திரட்டினார். மொழி வேறு, சமஸ்தானம் வேறு, அந்த ஊரில் அவருக்கு உறவென்று யாரும் கிடையாது. இதற்கும் 'உறுதுணை' என்ற சொல்தானா? அதே இடத்தில், அதே வெயிலில் நின்ற ஆண்களுக்கு நீங்கள் 'சத்தியாகிரகிகள்' என்று பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் அவர் ஏன் இல்லை என்று கேட்டால், அவர் 'குடும்பத்தில்' இருக்கிறார்!

கட்டுரையில் நான் எழுதி, நீங்கள் வெட்டிய இன்னொரு விஷயமும் உண்டு. திருவாங்கூர் சிறையிலிருந்து வெளியே வந்த பெரியாரை, வீடு திரும்பிய சில நாளிலேயே, 1924 செப்டம்பரில், இந்தப் பக்கத்துப் போலீஸ் இராஜத் துரோக வழக்கில் பிடித்தது. அப்போது நாகம்மையார் பத்திரிகைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் அழுகை இல்லை. கணவர் மறுபடியும் மறுபடியும் இப்படிச் சிறைக்குப் போகும் பாக்கியம் பெற வேண்டும் என்று எழுதினார். அடுத்த மூச்சிலேயே, வைக்கம் போராட்டத்தை விட்டுவிடாமல் நடத்தி முடிக்க வேண்டும் என்று தலைவர்களையும் தொண்டர்களையும் கேட்டுக்கொண்டார். கணவரைப் போலீஸ் கூட்டிப்போன கையோடு போராட்டத்தின் அடுத்த கட்டம் என்ன என்று கேட்கிற ஒருவருக்கு நம் ஊரில் 'தலைவர்' என்றுதான் பெயர்.

பெரியாரின் 'குடிஅரசு' பத்திரிகை பற்றியும் எழுதியிருந்தேன். 1931 டிசம்பரில் ஐரோப்பாவுக்குக் கிளம்பிய பெரியார் மறு வருடம் நவம்பரில்தான் திரும்பினார். ஏறக்குறைய ஒரு வருடம். அந்தக் காலத்தில் பத்திரிகையின் பொறுப்பு நாகம்மையார் பெயரில் இருந்தது. 'பெயருக்கு இருந்திருப்பார்' என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். அந்தக் காலத்தில் வெளியிடுபவர் பெயர் சும்மா அலங்காரத்துக்குப் போடுவதில்லை. அரசாங்கத்துக்குப் பிடிக்காத ஒரு கட்டுரை வந்தால் போலீஸ் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டுதான் வரும். நாகம்மையார் இறந்த சில மாதத்தில் அதுதான் நடந்தது. 1933 அக்டோபரில் 'இன்றைய ஆட்சி முறை ஏன் ஒழிய வேண்டும்' என்ற தலையங்கம் வந்தது. எழுதியதற்காகப் பெரியாரும், வெளியிட்டவர் என்பதற்காகக் கண்ணம்மாளும் சிறைக்குப் போனார்கள். அந்த நாற்காலியில் கொஞ்ச நாள் முன்புவரை உட்கார்ந்திருந்தவர் நாகம்மையார். அவர் காலத்தில் வழக்கு வரவில்லை என்பதால் அவர் பொறுப்பு சின்னதாகிவிடுமா?

கணவர் ஊரில் இல்லாத நாளில் சுயமரியாதைத் திருமணங்களையும் அவர் நடத்தி வைத்திருக்கிறார். புரோகிதரும் மந்திரமும் வேண்டாம் என்ற திருமணத்தை, அந்தக் காலத்தில், ஒரு பெண் முன்னால் நின்று நடத்தி வைப்பதென்றால் அது அந்த ஊருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்றைக்கே எத்தனை கல்யாணத்தில் பெண் தலைமை தாங்கிப் பார்த்திருக்கிறீர்கள்?

இனி, ஆதாரம் குறைவு என்ற உங்கள் மூன்றாவது காரணம். இதற்குப் பதில் சொல்ல நான் என் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா கைத்தறி நெசவாளர் சங்கத்தில் இருந்தவர். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த ஆள். வேலைநிறுத்தம் என்றால் வீட்டில் பதினைந்து இருபது பேர் சாப்பிடுவார்கள். அம்மா சமைத்தார், அது எல்லாரும் பார்த்தது. எல்லாரும் பார்க்காதது இன்னும் நிறைய. சங்கத்துக்கு மாதச் சந்தா வசூலித்த நோட்டு அம்மா கையெழுத்தில்தான் இருந்தது, ஏனென்றால் அப்பாவின் கணக்கு எப்போதும் நூறு ரூபாய் இடிக்கும். அப்பா உள்ளே இருந்த நாற்பது நாளும் தறிக்காரர் வீடுகளுக்குப் போய், 'கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்' என்று சொல்லி வந்தது அம்மா. என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார், அதனால்தான் எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். அம்மா திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் கதவு திறந்தது. அந்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவில்லை.

அப்பா இறந்தபோது இரங்கல் கூட்டம் நடந்தது. இரண்டரை மணி நேரம் பேசினார்கள். அம்மாவைப் பற்றி ஒரே ஒரு தோழர் சொன்னார்: "அந்த அம்மா கையால குடிச்ச டீயை மறக்க முடியாது." கைதட்டினார்கள். அம்மா முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து புடவை மாற்றும்போது, "டீயை நல்லா ஞாபகம் வெச்சிருக்காங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு யாராவது எங்கள் ஊர்ச் சங்கத்தின் வரலாற்றை எழுத வந்தால், அம்மாவைப் பற்றி ஆதாரம் குறைவு என்றுதான் அவர்களும் சொல்வார்கள். அந்தச் சந்தா நோட்டு எங்கள் பரணில் இருக்கிறது. இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை.

நாகம்மையார் விஷயத்தில் ஆதாரத்தைப் பரணில் தேடக்கூட வேண்டாம். அந்தக் காலப் பத்திரிகைகளில் அச்சாகியே இருக்கிறது. வைக்கத்தில் பெரியார் என்ன செய்தார் என்பதை நாள் நாளாகத் தேடிக் கண்டுபிடித்த ஆய்வாளர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதே செய்தித்தாள்களில், சில நேரம் அதே பக்கத்தில், நாகம்மையார் பெயரும் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் நான் ஒன்பது பக்கம் எழுதினேன்.

கல்லூரியில் இருபத்தாறு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு வருடம் முதலாண்டு மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்து, "நாகம்மையார் யாருங்க மேடம்?" என்று கேட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஏதோ படித்துவிட்டுக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. பெண்களுக்கான இலவசப் படிப்புத் திட்டம் ஒன்று அவர் பெயரில் இருக்கிறதல்லவா, அதைப் பற்றி அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "ஃபீஸ் கட்ட வேண்டாமாம், அவங்க யாருன்னு தெரிஞ்சுக்கலாம்னு வந்தேன்" என்றாள். அன்றைக்கு வகுப்பை விட்டுவிட்டு அவளோடு ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில் அந்தப் பெண் கேட்டது: "இவ்வளவு பண்ணியிருக்காங்க, அப்புறம் ஏன் மேடம் எங்க புக்ல இல்ல?" உங்கள் மலர் வேலைக்கு நான் ஒத்துக்கொண்டதே அந்தக் கேள்விக்காகத்தான்.

உங்களில் ஒருவருக்காவது இதைப் படிக்கும்போது எரிச்சல் வரும். பெரியாரைக் குறைத்துக் காட்ட இந்த அம்மா வந்திருக்கிறார் என்று தோன்றும். அதனால் பெரியாரையே சாட்சிக்கு அழைக்கிறேன். நாகம்மையார் இறந்தது 1933 மே 11. மூன்று நாள் கழித்து 'குடிஅரசு' இதழில் பெரியார் ஓர் இரங்கல் எழுதினார். தமிழில் ஒரு கணவர் மனைவிக்கு எழுதிய இரங்கலில் இதற்கு நிகரானது ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை. நாகம்மையார் உயிரோடு இருந்ததும், இருக்க ஆசைப்பட்டதும் கணவரான தனக்காகவே தவிர அந்த அம்மாளுக்காக அல்ல என்பதை ஒவ்வொரு வினாடியும் உணர்ந்திருந்ததாகச் சொல்கிறார். அதோடு விடவில்லை. பெண் விடுதலையைப் பற்றி மற்றவர்களுக்கு எவ்வளவு பேசினேனோ, அதில் நூற்றில் ஒரு பங்காவது நாகம்மாளிடம் நடந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ளத் தனக்கு முழு யோக்கியதை இல்லை என்று, தன் பத்திரிகையில், தன் வாசகர்கள் முன்னால், அச்சில் ஒப்புக்கொள்கிறார்.

தொண்ணூறு வருடத்துக்கு முன்பு அந்த மனிதர் தன்னைப் பற்றிச் சொல்லத் துணிந்ததை, அவருக்கு மலர் போடுகிற நீங்கள் ஒரு பக்கத்தில் போட யோசித்திருக்கிறீர்கள். அவரது புகழுக்கு இழுக்கு என்று நினைத்தீர்களா? அவர் அப்படி நினைக்கவில்லையே. உங்கள் மலரில் அவரைப் பற்றி வந்த எல்லா வாழ்த்துச் செய்தியைவிடவும் அந்த இரங்கல்தான் அவரை எனக்குப் பெரியவராகக் காட்டுகிறது.

இன்னொன்று. நாகம்மையாரைத் தெய்வமாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. 'தியாகத் திருவிளக்கு', 'தாய்க்குலத்தின் மாணிக்கம்' மாதிரியான சொற்களைப் போட்டு ஒரு பக்கம் நிரப்பித் தந்தால் அதையும் திருப்பி அனுப்புவேன். அவற்றுக்கும் 'துணைவியாருடன்' என்பதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலுமே அவர் என்ன செய்தார் என்பது இருக்காது.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நடப்பதும் இல்லை. மணியம்மையார் என்றதும், பெரியார் அவரை மணந்த 1949 திருமணச் சர்ச்சையைப் பேசுகிறவர்களில் எத்தனை பேர், 1973 டிசம்பரில் பெரியார் மறைந்த பிறகு 1978 மார்ச்சில் தான் இறக்கும்வரை இயக்கத்தை நடத்தியவர் அவர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்? கஸ்தூரிபா 1913-இல் தென்னாப்பிரிக்காவில் கடுங்காவல் தண்டனை அனுபவித்தவர். நம் பிள்ளைகளுக்கு அவர் வெறும் 'பா'. நீங்கள் அடுத்து என்ன மலர் போட்டாலும் இதே கட்டத்தை, இதே பூ ஓரத்தோடு, இன்னொரு பெண்ணுக்குப் போடுவீர்கள் என்ற பயத்தில்தான் இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். மலர் அடுத்த மாதம் மறுபதிப்பு வருகிறது என்று உங்கள் குழுவினரே சொன்னார். அதில் அந்தப் புகைப்படத்தின் கீழ் 'நாகம்மையார், பெரியார்' என்று இருவர் பெயரையும் போடுங்கள். 11-ஆம் பக்கத்தில் 'ஈரோட்டில் இருக்கும் இரண்டு பெண்கள்' வருகிற இடத்தில் நாகம்மையார், கண்ணம்மாள் என்று எழுதுங்கள். சத்தியாகிரகிகள் பட்டியலில் நாகம்மையாரையும், அவரோடு நின்ற பெண்களில் பெயர் கிடைக்கிறவர்களையும் சேருங்கள். பெயர்களைத் தேடி எடுத்துத் தர நான் தயார், கூலி வேண்டாம்.

'மகளிர் பங்கு' என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள். என் கட்டுரையை முழுதாகப் போட இடம் இல்லையென்றால் என் கட்டுரையே வேண்டாம். அந்த இடத்தில் 1924 செப்டம்பர் அறிக்கையையும், 1933 மே இரங்கலையும், ஒரு சொல்லும் வெட்டாமல், பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். பின்னட்டைக் குறிப்பில் 1898-க்கும் 1933-க்கும் நடுவே 1921, 1924, 1931 என்று மூன்று வரியாவது அவருக்காகச் சேருங்கள்.

முதல் பதிப்பு ஏற்கெனவே பள்ளி நூலகங்களுக்குப் போயிருக்கிறது. அங்கெல்லாம் ஒரு திருத்தத் தாளை அச்சிட்டு அனுப்புங்கள். அதற்கு ஆகும் செலவை நான் தருகிறேன், ரசீது போட்டால் போதும். இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மலரில் பெயர் வந்து, கட்டுரை வராத ஓய்வுபெற்ற தமிழாசிரியை